அப்பர்ச்சர் பிளேடுக்கு எண்ணெய் விடாதீர்கள்

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுச் சந்தையில் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கினேன். ஃபிலிம் கேமராவில் மாட்டி, கடற்கரைச் சாலையில் உச்சி வெயிலில் எஃப் 16, அதாவது ஒளி நுழையும் துளையை மிகச் சிறிதாக, வைத்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் எல்லாப் படமும் வெளுத்துக் கிடந்தது. லென்ஸுக்குள் அந்தத் துளையைச் சிறிதாக்கும் தகடுகள்தான் அப்பர்ச்சர் பிளேடுகள். அவற்றில் எண்ணெய் படிந்து ஒட்டிக்கொண்டதால், ஷட்டர் திறக்குமுன் அவை மூடவே இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் தையல் மெஷின் எண்ணெயைத் தேடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மெல்லிய இந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உலர்வாகச் சறுக்க வேண்டியவை. நடுவில் ஈரப்படலம் வந்தாலே பிடித்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான். அன்றைக்கு நன்றாக ஓடும், அப்புறம் படலம் மட்டும் தங்கிவிடும்.

சரி, எண்ணெய் எங்கிருந்து வந்தது? ஃபோகஸ் மரையில், அதாவது ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு மரையில், உள்ள கிரீஸிலிருந்து. சூட்டில் கிரீஸ் பிரிந்து எண்ணெய் ஊர்ந்து வருகிறது. கத்திரி வெயிலில் காருக்குள்ளோ வண்டி டிக்கியிலோ லென்ஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய கிரீஸை மாற்றாமல் பிளேடை மட்டும் துடைத்தால் பிரச்சினை திரும்பி வரும்.

லைட்டர் திரவத்தை முன்பக்கமாக ஊற்றுவதும் கெடுதல்தான். அது எண்ணெயைக் கரைத்துக் கண்ணாடியில் கொண்டுபோய்ப் பூசிவிடும். கண்ணாடித் தொகுதியைக் கழற்றிவிட்டு, பஞ்சு உதிராத குச்சியை அதே திரவத்தில் சில சொட்டு மட்டும் நனைத்துத் துடையுங்கள். பிளேடைத் திறந்து மூடி, புதுக் குச்சியால் மறுபடியும். ஓர் இரவு காயவிட்டுப் பார்த்தால் இடுக்கிலிருந்து மீண்டும் கசிந்திருக்கும். நான்கைந்து சுற்று ஆகலாம், பொறுமை வேண்டும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. இதற்குப் பதில் அசிட்டோன் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் அரிக்கும்.

ஜப்பான் லென்ஸ் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை வேண்டும். சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவர் தலையை வழுக்கி எடுத்துவிடும். ஃபோகஸ் மரையைப் பிரிக்கும்போது, அது விடுபடும் இடத்தைக் கீறி அடையாளம் வையுங்கள். மரை தொடங்கும் இடம் பல உண்டு. மாறிப் பூட்டினால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் போன்றவற்றில், ஸ்பிரிங் இல்லாமல், கையால் திருப்பும் வளையமே பிளேடை நேராக நகர்த்துகிறது. அதில் கொஞ்சம் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் பரவாயில்லை, பிரிக்காதீர்கள். மற்றபடி சந்தையில் பழைய லென்ஸை எடுத்தால், காசு கொடுக்குமுன் எஃப் 16 வைத்து, பின்பக்க நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். பிளேடுகள் சட்டென்று மூட வேண்டும். நகர்ந்து நகர்ந்து வந்தால் எண்ணெய் இறங்கிவிட்டது.