சின்ன பேரல்ல டெகிலாவ ஊற வைக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், டெகிலாவ நாம காய்ச்சப் போறதில்ல. வீட்ல சாராயம் காய்ச்சுறது பெரும்பாலான நாடுகள்ல குத்தம், ஆபத்தும் கூட. அதுவுமில்லாம மெக்சிகோவுல ஹலிஸ்கோ மாநிலம், அது போக இன்னும் நாலு மாநிலங்கள்ல குறிப்பிட்ட ஊர்கள், இங்க நீல அகேவ்ங்கிற செடியில செஞ்சாதான் அதுக்கு டெகிலான்னே பேரு. நாம செய்யப் போறது, கடையில வாங்குன பிளாங்கோவ, அதாவது மரத்துல ஊற வைக்காத வெள்ளை டெகிலாவ, நம்ம குடிக்க மட்டும் ஒரு சின்ன ஓக் மரப் பேரல்ல ஊற வைக்கிறது.

பாட்டில்ல "100% அகேவ்"னு போட்டிருக்கான்னு பாருங்க, இல்லன்னா அது மிக்ஸ்டோ, அதுல 51% தான் அகேவ் சர்க்கரையா இருக்கணும்னு கட்டாயம், மீதி வேற சர்க்கரை. அத ஊற வச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. கடையில ஊறுனதாவே கிடைக்குதேன்னு கேப்பீங்க, ஆனா அதுல கலர், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகுன்னு 1% வரைக்கும் சேக்க சட்டமே இடம் குடுக்குது, அதனால மரம் தனியா என்ன செய்யுதுன்னு நாக்குல தெரிஞ்சுக்கணும்னா நாமளே பண்ணிப் பாக்குறதுதான் நல்லது.

2 லிட்டர் பேரல், உள்பக்கம் கருக்குனது போதும். முதல்ல சுடுதண்ணி ஊத்தி கரித்தூள் போற வரைக்கும் கழுவுங்க, அப்புறம் தண்ணி நிரப்பி ரெண்டு மூணு நாள் விடுங்க. ஆரம்பத்துல பலகை இடுக்குல கசியும், பயப்படாதீங்க, மரம் ஊதுனதும் அதுவா நின்னுடும். நின்னதுக்கு அப்புறம் தண்ணிய கொட்டிட்டு பிளாங்கோவ வாய் வரைக்கும் ஊத்தி மூடி, வெயில் படாத இடத்துல வைங்க. ஒரு கிளாஸ் பிளாங்கோவ மட்டும் தனியா எடுத்து வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

இப்பதான் முக்கியமான விஷயம். ஊறுன டெகிலாவுக்கு காலத்த வச்சுதான் பேரு. மெக்சிகோவுல ரெப்போசாடோவுக்கு குறைஞ்சது 2 மாசம், அன்யேஹோவுக்கு 1 வருஷம், எக்ஸ்ட்ரா அன்யேஹோவுக்கு 3 வருஷம், அதெல்லாம் பெரும்பாலும் போர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கி இருந்த 200 லிட்டர் பேரல்ல. அந்தக் கணக்க இங்க கொண்டு வந்தா சரக்கு பாழ். 2 லிட்டர் பேரல்ல ஒவ்வொரு லிட்டருக்கும் படுற மரம் நாலு மடங்குக்கும் மேல, அதனால மரத்தோட ருசி சீக்கிரம் இறங்கிடும், ஆனா வருஷக்கணக்குல காத்து பட்டு வர்ற பதம் அதே வேகத்துல வராது. அகேவ் செடி முதிரவே ஆறேழு வருஷம் ஆகுது, அத அறுத்து வேக வச்சு எடுத்த வாசத்த மரத்துக்குப் பலி குடுக்கக் கூடாதுங்கிறதுதான் என் கட்சி.

அதனால ஒரு வாரத்துல முதல் ருசி, அப்புறம் மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ. தனியா வச்ச பிளாங்கோவ பக்கத்துல வச்சு மோந்து பாருங்க, சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு மாதிரி ஒரு இனிப்பு வாசமும் மிளகுக் காரமும் இன்னும் முன்னால நிக்கணும், வெனிலா அதுக்குப் பின்னால வரணும், அந்த இடத்துலயே நிறுத்திடுங்க. கலர நம்பாதீங்க. நாக்கு ஓரம் வறண்டு இழுத்துச்சுன்னா மரம் ஜாஸ்தி ஆயிடுச்சு, அப்ப எடுத்து வச்ச பிளாங்கோவ கொஞ்சம் கொஞ்சமா கலந்து சரி பண்ணலாம்.

காபி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி கண்ணாடி பாட்டில்ல மாத்துங்க. குடிக்கிறப்ப ஐஸ் வேணாம், எலுமிச்சை உப்பும் வேணாம், வாய் குறுகுன சின்ன கிளாஸ்ல 30 மில்லி ஊத்தி, பத்து நிமிஷம் விட்டு, வாய லேசா தொறந்தபடி மோந்து பாத்துட்டு, சிப் சிப்பா குடிங்க.

பேரல காய விட்டுடாதீங்க, மறுபடி கசியும். அன்னைக்கே அடுத்த பிளாங்கோவ ஊத்திடுங்க, இந்த தடவ மரம் நிதானமா இறங்கும், நாளும் கூட ஆகும், எனக்கு முதல் பேட்ச்ச விட ரெண்டாவதுதான் பிடிக்கும்.