தட்டருகே போனால் உறுமிய கருப்பி

தெருவிலிருந்து எங்கள் நாய் கருப்பியைக் கொண்டுவந்தபோது அவளுக்கு ஒரு வயதுக்கு மேல் இருக்கும். ரொம்ப சாது. சோற்றுத் தட்டின் பக்கம் யாராவது போனால் மட்டும் உடம்பு விறைத்துவிடும். வாய் தட்டுக்குள்ளேயே இருக்கும். கண் ஓரமாக நம்மைப் பார்க்கும், வெள்ளை விழி தெரியும். அப்புறம் உறுமல்.

"தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வை, சரியாகிடும்" என்றார்கள். இரண்டு நாள் செய்தேன். உறுமல் கூடியது. பறிகொடுத்தே பழகிய ஜீவனிடம் நானும் பறித்தால் வேறென்ன செய்யும்?

பிறகு முறையை மாற்றினேன். அவள் சாப்பிடும்போது ஆறடி தள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு, நிற்காமல் திரும்பிவிடுவேன். தினமும் இரண்டு வேளை. உடம்பு தளர்ந்திருந்தால்தான் மறுநாள் அரை அடி நெருங்குவேன். விறைத்தால் மறுபடி பழைய தூரம். உறுமியதற்கு அதட்டவே இல்லை. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் சொல்லாமல் கடிக்கும். அந்த நேரத்தில் குழந்தையைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம், என் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலாட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எலும்பு கிடைத்தால் இன்றும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்போது நாங்கள் யாரும் கிட்டே போவதில்லை.