நெடும்பயணத்துக்குக் கிரவல் சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு

கொழும்பிலிருந்து பொதிகளோடு நெடுந்தூரம் செல்வதற்காக நடுத்தர விலையில் கிரவல் சைக்கிள் (தார் வீதியிலும் கரடுமுரடான சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய சைக்கிள்) வாங்க விரும்புவோர், சட்டகத்தின் எடையைப் பார்ப்பதற்கு முன் கியரின் பற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அவிசாவளை, ஹற்றன் வழியாக, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறும்போது, முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தின் பற்கள் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பற்களை விடக் குறைவாக இருந்தால்தான், அத்தனை பாரத்தோடும் முழங்கால் நோகாமல் மிதிக்க முடியும். ஷிமானோ நிறுவனம் கிரவல் சைக்கிள்களுக்கெனச் செய்யும் ஜிஆர்எக்ஸ் வகையில், முன்னே 46, 30 பற்கள் கொண்ட இரு பல்சக்கரங்களும் பின்னே 11 முதல் 34 வரை பற்கள் கொண்ட பல்சக்கரங்களும் உள்ள அமைப்பு இதற்கு மிகவும் பொருத்தமானது.

40 மில்லிமீற்றர் டயரைப் பூட்டிய பின்னும், சட்டகத்துக்கும் டயருக்கும் நடுவே சேறு அடைத்துக்கொள்ளாத அளவு இடைவெளி இருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இருபுறமும் பொதி பூட்டுவதற்கான திருகுத் துளைகள் உள்ளனவா என்றும் பாருங்கள். மழையில் நனைந்த மலையிறக்கங்களில் விரல் வலிக்காமல் நிறுத்த உதவும், திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்குக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது, கார்பன் சட்டகத்துக்குச் செலவிடுவதை விட மேல் என்பதே என் உறுதியான கருத்து.

வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்போருக்கு அலுமினியச் சட்டகமே உகந்தது. ஆயினும் உப்புக்காற்றில் இரும்புத் திருகாணிகள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், சைக்கிளைக் கடையிலிருந்து எடுப்பதற்கு முன்பே அவற்றுக்குக் கிறீஸ் பூசித் தரும்படி கேளுங்கள்.