ஆட்டோகிராஃப் வாங்கப் போகும் படத்துக்கு எந்த மை?

திருவல்லிக்கேணியில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை எங்களுடையது. சேப்பாக்கம் மைதானம் நடக்கிற தூரம்தான். அதனால் வீரர்கள் கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் படங்கள் நிறைய வரும். அவற்றில் பலவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கையெழுத்தே தெரியும். அரும்பாடுபட்டு வாங்கிய கையெழுத்து அப்படித் தொலைந்து கிடப்பதைப் பார்க்க மனசு தாங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேனாவைப் பிறகு பார்க்கலாம், முதலில் படத்தை எடுங்கள். கையெழுத்து எந்த இடத்தில் விழ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அந்த இடம் வெளிறியதா, அடர்த்தியானதா என்பதுதான் மையைத் தீர்மானிக்கும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் படத்தை செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பச்சைப் புல் பளிச்சென்று இருப்பதுபோலத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் அது நல்ல அடர் சாம்பலாக நிற்கும். அதன் மேல் நீல மை எடுபடாது.

2008-இல் சேவாக் இதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319 அடித்த ஆட்டத்தின் படம் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். டெஸ்ட் உடை வெள்ளை, பகல் வெளிச்சம். சட்டை மேலோ பேன்ட் மேலோ நீல பெர்மனென்ட் மார்க்கரில் வாங்கினால் அதைவிட அழகு கிடையாது. கறுப்பும் தெரியும். ஆனாலும் நான் நீலத்தைத்தான் சொல்வேன். படத்தில் நிழல், தலைமுடி, எழுத்து என்று கறுப்பு ஏற்கெனவே இருக்கும். கறுப்புக் கையெழுத்து பிரிண்டோடு சேர்ந்து அச்சானதுபோல ஆகிவிடும். நீலம்தான் கையால் போட்டது என்று தனித்து நிற்கும்.

2011 ஏப்ரல் 2, வான்கடே, உலகக் கோப்பை இறுதி ஆட்டம், குலசேகரா பந்தில் தோனியின் சிக்ஸர். இந்தப் படம் வேறு கதை. நீல ஜெர்சி, பின்னால் இரவு நேரத்து கேலரி. இங்கே நீலமும் கறுப்பும் வீண், வெள்ளி பெயின்ட் மார்க்கர்தான் வேண்டும். அதே தோனி சிஎஸ்கே மஞ்சளில் நிற்கும் படமென்றால் தலைகீழ்: மஞ்சள் மேல் வெள்ளியும் தங்கமும் கரைந்துவிடும், நீலம் கணீரென்று நிற்கும்.

தங்க நிறத்தை நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. வெள்ளி மையில் பெரும்பாலும் அலுமினியத் தூள். தங்கத்தில் பித்தளைத் தூள், அது நாளடைவில் கறுக்கக்கூடும். மேற்கிந்தியத் தீவுகளின் மெரூன் தொப்பி, மெரூன் ஜெர்சி மேல் மட்டும் தங்கம் அப்படிப் பொருந்தும், அதற்காக விட்டுக்கொடுக்கலாம். சிவப்பு வேண்டவே வேண்டாம், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பேனா வாங்கும்போது ‘பெர்மனென்ட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயிட்போர்டு மார்க்கரும் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் விரல் பட்டாலே அழிந்துவிடும். ஜெல் பேனா பளபளப்புத் தாளில் காயாமல் இழுபடும், பால்பாயின்ட் பள்ளம் போடும். ஷார்ப்பி, ஸ்டெட்லர் லூமோகலர் இரண்டும் எனக்குப் பிடித்தவை. 4x6 போன்ற சின்னப் படத்துக்கு மெல்லிய முனை சிடி மார்க்கர் போதும். 8x12-க்கு அது நூலிழைபோலத் தெரியும், கொஞ்சம் தடித்த முனை எடுங்கள். வெள்ளிக்கு யூனி பெயின்ட்.

லேபில் பிரிண்ட் போடும்போதே மேட் தாள் கேளுங்கள். வெள்ளி மை பளபளப்புத் தாளைவிட அதில் நன்றாகப் பிடிக்கும். அதே தாளில் அதே படத்தை 4x6 அளவில் கூடுதலாக ஒன்று போட்டு வாங்கி, எல்லாப் பேனாவையும் அதில் கிறுக்கிப் பாருங்கள். காய எவ்வளவு நேரமாகிறது, தேய்த்தால் வருகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

வெள்ளி மார்க்கரைப் புறப்படும் முன் உள்ளே இருக்கும் சின்னக் குண்டு உருளும் சத்தம் கேட்கும்வரை குலுக்குங்கள். முனையை வேஸ்ட் தாளில் அழுத்தி, மை சீராக இறங்கும்வரை நாலு கோடு இழுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் எழுத்திலேயே மை பொட்டாகக் கொட்டும். படத்தைப் பரீட்சை அட்டையில் வைத்து, கிளிப் படும் இடத்தில் மடித்த தாள் கொடுங்கள். விரல் ரேகை எண்ணெய் பட்ட இடத்தில் மை விட்டு விட்டு வரும், பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். வீரர் நெருங்கும்போது மூடியைக் கழற்றியே நீட்டுங்கள். “சார், இந்த வெள்ளைப் பக்கம்” என்று விரலால் காட்டினால் போதும், பலர் அங்கேயே போட்டுக்கொடுப்பார்கள்.

ஒரே படத்தில் இரண்டு, மூன்று பேரிடம் வாங்கப் போகிறீர்கள் என்றால் எல்லாருக்கும் ஒரே பேனா. கலர் கலராக வாங்கிய படத்தில் கண் முகத்துக்குப் போகாது.

வாங்கியதும் படம் கிடைமட்டமாகவே இருக்கட்டும். வெள்ளி மைக்குப் பத்து நிமிடமாவது விடுங்கள், அதற்கு முன் கவருக்குள் திணிக்காதீர்கள். மெத்தென்ற பிவிசி கவரில் மாதக்கணக்கில் வைத்தால் மை கவரோடு ஒட்டி வந்துவிடும். ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை, வைக்கச் சொல்லுங்கள். மாட்டுவது ஜன்னல் வெயில் விழாத சுவராக இருக்கட்டும்.