புண்ணான நாக்கை வழிக்காதீர்கள்

கத்தியும் கையுமாக உட்கார்ந்து, நறுக்க நறுக்க வாயில் போட்டுக்கொண்டே அரை அன்னாசிப்பழத்தை முடித்துவிட்டேன். கடைசித் துண்டில் லேசாக ரத்தச் சுவை. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் நாக்கின் ஓரம் சிவந்து, நடுவில் மாவு பூசியதுபோல் வெள்ளை. அழுக்குதான் என்று நினைத்து டங் கிளீனரால் அழுத்தி வழித்தேன். ஒரு நாளில் ஆறியிருக்க வேண்டியது நாலு நாள் இழுத்தது.

அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ப்ரோமலைன் என்ற நொதி இருக்கிறது. நாம் பழத்தைத் தின்னும்போது அது நம் நாக்கின் மேல்தோலைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே புளிப்பு, கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வேறு. கிவியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு. சேம்பு அரைவேக்காடாக இருந்தால் நாக்கு நமைப்பதும் அந்த ஊசிகளால்தான். அதை நன்றாக வேகவைக்காமல் வாயில் வைக்கவே கூடாது.

வெள்ளைப் படலம் வேறு கதை. நாக்கின் மேலுள்ள பொடிப்பொடி முட்களில் செத்த செல்லும் உணவுத் துணுக்கும் கிருமியும் சிக்குவதுதான் அது. மென்று தின்றால் உராய்ந்தே போய்விடும். நான் எரிச்சலுக்குப் பயந்து கஞ்சியும் பாலுமாக இருந்தேன், படலம் இன்னும் தடித்தது.

சரி, என்ன செய்யலாம்? எரியும்போது சாதாரணத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, குளிர்ந்த பாலையோ புளிக்காத தயிரையோ சற்று நேரம் வாயில் வைத்திருங்கள். மிளகாய்க் காரம் என்றால் பால்தான். தண்ணீர் குடித்தால் காரம் இடம் மாறுமே தவிரப் போகாது. அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு நாளுக்கு இரண்டு மூன்று முறை கொப்பளியுங்கள். சூடு, புளிப்பு, காரம், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு மட்டும், பின்னாலிருந்து முன்னால், இறகு பட்டதுபோல் வழிக்கலாம். காபி, தேநீர் குடித்தால் ஒரு வாய் தண்ணீரால் அலசிவிடுங்கள், பழுப்பு படிவது குறையும்.

அன்னாசியை விட முடியாதவர்களுக்கு (நானும் அந்தக் கட்சிதான்): நடுத்தண்டை வெட்டி எறியுங்கள், நொதி அதில் அதிகம். தோசைக்கல்லில் சூடு ஏறும்வரை வாட்டினால் நொதி செத்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி கடிக்காததும் அதைச் சூடாக்கிப் பதப்படுத்துவதால்தான்.

சில பழங்களைப் பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கிறது, வேகவைத்தால் ஒன்றுமில்லை என்றால் அது ஒவ்வாமையாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். உதடோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தயிர்க்கட்டி போன்ற வெள்ளை, துடைத்தால் அடியில் சிவந்து ரத்தம் கசிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண்ணையும் காட்டிவிடுங்கள்.

நான் இப்போது நாலு துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரும்பாலும்.