துயரத்துக்கு ‘இருள்’ என்று எழுதலாமா?

‘உங்கள் இருளில் நாமும் பங்குகொள்கிறோம்.’ கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்தில் இப்படி ஒரு வரி போட்டால், எழுதியவர் நினைத்தது துயரம். படிப்பவர் காதில் விழுவது வேறு.

இருள் தனியே நின்றால் இன்றைய வழக்கில் பொதுவாகத் துயரத்தைச் சுட்டாது. எது இருண்டது என்று சொன்னால்தான் துயரம் வரும். ‘செய்தி கேட்டு முகம் இருண்டுபோச்சு’, ‘அவர் போன பிறகு வீடே இருண்டு கிடக்கு’ என்பவை சரி. தனியே நின்றால் அதற்குப் பழைய பொருள்கள் உண்டு. குறள் 5இல் வரும் ‘இருள்சேர் இருவினை’யில் உள்ள இருளுக்கு உரையாசிரியர் பரிமேலழகர் சொல்வது அறியாமை, மயக்கம். குறள் 121இல் ‘ஆரிருள்’ நரகம். சைவ சித்தாந்தத்தில் இருள் ஆணவமலம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு. அந்தச் சித்தாந்த நூல்களில் ஒன்றான திருவருட்பயனில் ‘இருள்மல நிலை’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. சைவம் படித்த பெரியவர்கள் நிறைந்த நம் யாழ்ப்பாணத்தில் ‘அன்னார் இருளில் ஆழ்ந்தார்’ என்று அச்சடித்தால், இறந்தவரை நரகத்துக்கு அனுப்பியதாகிவிடும். இது சின்னப் பிழையில்லை. செத்தவீட்டுக்காரரின் மனதைப் புண்படுத்தும்.

‘துயரில் பங்குகொள்கிறோம்’, ‘துயர் பகிர்கிறோம்’ என்று எழுதுங்கள். இருள் வேண்டுமென்றால் முதலில் விளக்கைக் கொண்டுவாருங்கள்: ‘எங்கள் குடும்ப விளக்கு அணைந்தது, வீடு இருண்டது.’ பேச்சில் விளக்கு ‘நூர்ந்துபோச்சு’ என்போம், அச்சில் ‘அணைந்தது’ பொருந்தும்.

நேரில் துக்கம் விசாரிக்கையில் ‘கேட்டுச் சரியான கவலையாப் போச்சு’ என்பது நம்மூரில் இயல்பு. ஆனால் தமிழ்நாட்டு உறவினருக்கு எழுதும்போது கவனம்: அங்கே ‘கவலை’ பெரும்பாலும் இனி நடக்கப்போவதை எண்ணிய கலக்கம். அவர்களுக்கு ‘வருத்தம்’ என்று எழுதலாம். நமக்கோ வருத்தம் என்றால் நோயும்தான்.

வினை வடிவத்திலும் சறுக்குவார்கள். இருள் என்பதன் இறந்தகாலம் ‘இருண்டது’. ‘இருளியது’ என்று ஒன்று இல்லை. ‘இருட்டியது’ வேறு வினை. அது பொழுதுக்கும் மழைக்கும் உரியது: ‘மழை இருட்டிக்கொண்டு வருது.’ முகம் இருட்டாது, இருளும். கண் இருட்டினால் அது தலைச்சுற்று. கவலையைச் சொல்லப்போய் வைத்தியரிடம் ‘கண் இருட்டுது’ என்றால் அவர் பிறஷர்தான் பார்ப்பார். புணர்ச்சியில் இருள் + பொழுது ‘இருட்பொழுது’ ஆகும். ‘ட்’ வந்த பிறகு இன்னொரு ‘ப்’ வேண்டாம். நிறத்துக்கு ‘இருண்ட பச்சை’ என்பது மொழிபெயர்ப்பு வாடை, ‘கரும்பச்சை’ இருக்கிறதே.

கடைசியாக மைமலும் மம்மரும். ‘மைமல் பொழுது’ நாங்கள் அந்திக்குச் சொல்வது, வெறும் நேரப் பெயர். சங்கப் பாட்டில் வரும் ‘மம்மர்’தான் மனக்கலக்கமும் துயரமும். ‘மைமல் நெஞ்சம்’ என்று கவிதையில் எழுதினால் அந்தி நெஞ்சம் என்றாகும். நீங்கள் தேடிய சொல் ‘மம்மர் நெஞ்சம்’.