என் ப்ளஃப் ஏன் எடுபடவில்லை

போக்கர் சீட்டாட்டத்தில் ப்ளஃப், அதாவது நல்ல கை இல்லாமலே இருப்பது போலப் பணம் கட்டுவது, என்றாலே ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரைக்கும் போய் பெரிய பெட்டாகப் போட்டு எதிராளியை மிரட்டுவதுதான் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், அதில் போன சிப்புக்குக் கணக்கே இல்லை. அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பணம், 100 இருக்கிறது, நான் 50 போடுகிறேன், 3 தடவையில் 2 தடவை மாட்டிக்கொண்டு 100 போனாலும் மீதி ஒரு தடவை அவர் ஃபோல்ட் செய்தால் (சீட்டைப் போட்டு விலகினால்) அந்த 100 திரும்பி வந்துவிடும். அதே இடத்தில் முழு 100 போட்டால், நஷ்டமில்லாமல் இருக்கப் பாதித் தடவை அவர் விலகியாக வேண்டும்.

ஃப்ளாப்பில் (முதலில் விரிக்கிற மூன்று பொதுச் சீட்டில்) எதுவும் பொருந்தாவிட்டால் உடனே சீட்டைத் தூக்கிப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களை 33 சதவீதத் தடவை விலக வைக்க மிரட்டலே தேவையில்லை. நான் முன்னாடி அமைதியாக வேடிக்கை பார்த்து, யார் அப்படி விலகுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, ஃப்ளாப்பிலேயே பாதி பாட் அளவுக்குப் போட ஆரம்பித்தேன். முடிந்தவரை ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) ஒரு சீட்டு குறைகிற மாதிரியான கையோடு, அவர் விலகாமல் அதே தொகையைக் கட்டி ‘கால்’ செய்தாலும் ஜெயிக்க ஒரு வழி இருக்குமே.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது நிறுத்தக் கற்றுக்கொண்டதுதான். எதற்கெடுத்தாலும் விலகுகிறவர் கால் செய்கிறார் என்றால் கையில் ஏதோ இருக்கிறது, ரெய்ஸ் செய்தால் (தொகையை உயர்த்தினால்) கேட்கவே வேண்டாம். நானோ வீம்புக்கு டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) ரிவரிலும் போட்டு, ஃப்ளாப்பில் சேர்த்ததையெல்லாம் அங்கே கொட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கால் வந்தால், என் சீட்டு வராதவரை, சரி என்று விட்டுவிடுகிறேன். எதையும் விடாமல் கால் செய்கிற ஆளிடம் ப்ளஃபே கிடையாது, நல்ல கை வரும்வரை காத்திருக்கிறேன்.